படம் வேண்டாத பெட்டி

திருமுருகன் இருந்தவரை அந்த வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது, மானிட்டர் இருந்ததில்லை. நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வந்துவிடலாம்; மாடியில் இரண்டு அறை. முதல்முறை வருகிறவர்கள் மேசையைப் பார்த்துவிட்டு, திரை ரிப்பேருக்குப் போயிருக்கிறதா என்று கேட்பார்கள். ஒரு கறுப்பு சி.பி.யூ பெட்டி, ஒரு கீபோர்டு, ஒரு ஹெட்போன், ஒரு மைக், இரண்டு சின்ன ஸ்பீக்கர். ஆறு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் பார்வையை எடுத்துக்கொண்டு போன பிறகு, திரைக்குச் செலவழிக்க அவனுக்குக் காரணம் இருக்கவில்லை.

பெட்டி அவனிடம் பேசியது. திரையில் வரவேண்டியதையெல்லாம் குரலாக்கிச் சொல்லும் ஒரு ப்ரோக்ராம் அதில் இருந்தது. பூந்தமல்லியில் பார்வையற்றோர் பள்ளியில் படிக்கும்போதே அதைப் பழகிக்கொண்டான். முதலில் நிதானமாகப் பேசவைத்தவன், வருஷம் ஆக ஆக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனான். கடைசியில் அது பேச்சாகவே இல்லை. தகரக் கூரையில் மழை விழுகிற சடசடப்பு. அவனுடைய அக்கா வசந்தகுமாரிக்கு அதில் ஒரு வார்த்தை பிடிபடாது. அதற்குக் கீச்சான் என்று பேர் வைத்திருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவு அவளுக்கு. காலையில் ரயிலுக்குக் கிளம்பும்போது, உன் கீச்சானை நான் போன அப்பால கத்தவிடு என்பாள். அவன் கேட்காத மாதிரி ஹெட்போனை மாட்டிக்கொள்வான்.

அப்பா அம்மா இல்லாத வீடு. இவளுக்கு அவன், அவனுக்கு இவள்.

ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை செய்ய அவனை எடுத்திருந்தார்கள். மூன்று மாதம் சோதனைக் காலம், அதுவரை சொந்த கம்ப்யூட்டர். வேலையில் அவன்மீது யாருக்கும் குறை இல்லை. தகராறு பெட்டியில் இருந்தது. எழுதிய ப்ரோக்ராமை ஓடுகிற வடிவத்துக்குக் கொண்டுவர கம்பைல் செய்ய வேண்டும். அந்தப் பழைய பெட்டியில் கம்பைல் ஆரம்பித்தால், தன் சக்தி மொத்தத்தையும் அதற்கே கொடுத்துவிட்டுக் கீச்சானைக் கைவிட்டுவிடும். பாதி வார்த்தையில் குரல் அறுந்துபோகும். கண் உள்ளவனுக்கு என்றால் திரையில் ஏதாவது நகர்ந்துகொண்டிருக்கும், பார்த்துக்கொண்டிருப்பான். இவனுக்கு ஒன்றும் இருக்காது. வசந்தா சோறு வடித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தாலும், கை இரண்டையும் கீபோர்டில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பான்.

வியாழக்கிழமை ஆன்லைன் கூட்டத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். கம்பைல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் என்ன பிழை வந்திருக்கிறது என்று கேட்டிருக்கிறார். கீச்சான் பேசவில்லை, அதனால் இவனும் பேசவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். அவனுடைய டீம் லீடர் சபீனா நல்ல பெண். பிறகு தனியாகக் கூப்பிட்டு, திங்கட்கிழமை அவங்க திரும்ப உட்காருவாங்க திரு, அன்னைக்கும் இப்படி ஆனா உனக்காகப் பேச என்கிட்ட ஒண்ணும் இருக்காது என்று சொன்னாள். அதை அவன் வசந்தாவிடம் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டான். கண் போனது ஒரு முறைதான் என்று நினைத்திருந்தேன், கம்பைல் போடும்போதெல்லாம் போய்ப் போய் வருகிறது என்று மட்டும் கூடுதலாகச் சொன்னான்.

பெட்டியை மாற்ற வேண்டாம், உள்ளே இருப்பதை மாற்றினால் போதும் என்று கணக்குப் போட்டான். புது ப்ராசசர், கூடுதல் ராம், கரகரவென்று சுற்றும் ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. சனிக்கிழமை வசந்தா அரைநாள் லீவு போட்டு அவனை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிப்போனாள். கடைக்காரர் இரண்டு ப்ராசசரைச் சொன்னார். ஒன்று, படத்தையும் தானே வரைந்து திரைக்கு அனுப்பும். இன்னொன்றுக்குப் படம் வரையத் தெரியாது, தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும். ஆனால் அதே விலைக்கு வேகம் அதிகம். திருமுருகன் யோசிக்கவேயில்லை. படம் எனக்கெதுக்குங்க, வேகத்தைக் குடுங்க என்றான். கடைக்காரர் அவன் முகத்தைப் பார்த்தார், வசந்தாவைப் பார்த்தார், எடுத்துக் கொடுத்துவிட்டார். திரும்பி வரும் ரயிலில் அவனுக்கு ஒரே குஷி. ஊரில் எல்லாரும் படத்துக்கு அழுவுறாங்க, நமக்கு அந்தச் செலவே இல்ல பாத்தியா என்று ஆவடி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் தரையில் பேப்பரை விரித்துப் பெட்டியைப் படுக்கவைத்தான். வசந்தா எதிரில் உட்கார்ந்துகொண்டாள். அவன் அதைத் திறந்து அவள் பார்த்ததில்லை. உள்ளே ஒரு ஊரே இருக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன டப்பாக்கள், நடுவில் ஃபேன், எங்கெங்கோ ஓடும் ஒயர்கள். அவன் விரல்கள் அதன்மேல் அவசரமில்லாமல் நடந்தன. எந்த ஸ்க்ரூ எங்கே என்று தேடவில்லை. ஃபேனைக் கழற்றினான், பழைய ப்ராசசரை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். பிஸ்கட் அளவு இருந்தது, அடியில் முடி முடியாகக் கால்கள். புதியதின் ஒரு மூலையில் இருந்த மிகச் சின்ன முக்கோண அடையாளத்தை நகத்தால் தடவிக் கண்டுபிடித்து, அது எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பி, வைத்தான். அழுத்தவில்லை, வைத்தான், தானாக இறங்கியது. எஸ்டேட்டில் எத்தனையோ நல்ல கைகளை அவள் பார்த்திருக்கிறாள். தன் வீட்டில் ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

எல்லாம் மாட்டி, ஸ்பீக்கரை இணைத்து, சுவிட்சைப் போட்டான். ஃபேன் சுற்றியது. அவ்வளவுதான்.

பழைய ஹார்டு டிஸ்க் முனகுவதை வைத்தே பெட்டி எதுவரை விழித்திருக்கிறது என்று அவன் சொல்லிவிடுவான். புதியதில் சத்தமே இல்லை. காதை அதன்மேல் வைத்துப் பார்த்தான். அணைத்துப் போட்டான். ராமைக் கழற்றி மாட்டினான். மறுபடி போட்டான். கீச்சான் வரவில்லை. நெற்றி வியர்த்துவிட்டது.

செல்போனை எடுத்து, அதைப் பேசவிட்டுத் தேடினான். பிறகு மெதுவாகப் போனைக் கீழே வைத்தான். புது ப்ராசசர் போட்டால் சில மதர்போர்டுகள் முதல் தடவை ஒரு கேள்வி கேட்குமாம், பதில் வந்தால்தான் மேலே போகுமாம் என்றான். கேள்வியைத் திரையில் எழுதிக் காட்டும். அதுவரை கீச்சான் எழுந்திருக்க மாட்டான்.

"நம்மூட்ல டி.வி. கீதே," என்றாள் வசந்தா.

அவன் சட்டென்று எழுந்தான். எழுந்தவன் பாதியிலேயே நின்றான். ஒரு சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுபோனது.

"டி.வி. இருந்து இன்னாக்கா? இதுக்குத்தான் படம் வரையத் தெரியாதே. நான்தான பெருமையா வாங்கினு வந்தேன்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. பெட்டி கேள்வியைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, ஆனால் கேட்பதைக் காட்டுவதற்கு அதற்கு வழியில்லை. காட்டினாலும் பார்ப்பதற்கு அவனுக்கு வழியில்லை. பழையதையே திரும்பப் போட்டுடு நைனா, எப்படியோ ஓடினுதான இருந்துச்சி என்றாள். போட்டால் நாளைக்கு மறுபடி வியாழக்கிழமை ஆகிவிடும் என்று அவன் சொன்னான். 

கீழே ஜெயராமன் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். கல்யாண ஆல்பம் வடிவமைக்கிற அவனுடைய கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு இருக்கும் என்று திருமுருகனுக்குத் தெரியும். இருவரும் இறங்கிப் போனார்கள். அயனம்பாக்கத்தில் ஒரு ரிசப்ஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜெயராமன், கேமராப் பையைத் தோளில் மாட்டியபடியே கதை முழுவதையும் கேட்டான்.

"இன்னா மாமே, படமே வேணாம்னு சொன்ன பையன் இப்ப படம் கேட்டு வந்துகீற? நான் இன்னா சினிமா கொட்டாயா வெச்சிகீறேன்?"

"ஒரு மணி நேரம் அண்ணாத்தே. நீ திரும்பி வரதுக்குள்ள உன் பெட்டியில மாட்டிடுவேன்."

"மாட்டலன்னா பொண்ணு ஊட்டுக்காரன் என்னை மாட்டிடுவான். ஆல்பம் பூரா அதுலதான் கீது." அவன் சொல்லி முடிப்பதற்குள் திருமுருகன் குனிந்து பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி, உள்ளே கைவிட்டு, ஒரு கொக்கியை விடுவித்து, கார்டைக் கையில் எடுத்துவிட்டான். ஜெயராமன் வாயைத் திறந்தபடி நின்றான். பிறகு வசந்தாவுக்கு மட்டும் கேட்கிற குரலில், நானே இத்த எங்க கீதுன்னு டார்ச் அடிச்சித் தேடுவேன் வசந்தா என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

மாடிக்கு வந்து, கார்டைத் தங்கள் பெட்டியில் மாட்டி, பெட்டியை ஹாலுக்குக் கொண்டுவந்தார்கள். வசந்தா டி.வி.யின் செட்டாப் பாக்ஸ் ஒயரைப் பிடுங்கிக் கார்டில் செருகினாள். சுவிட்சைப் போட்டான். டி.வி. கொஞ்ச நேரம் கறுப்பாக இருந்தது. பிறகு அதில் வெள்ளை எழுத்துகள் வந்து நின்றன.

"வந்துட்ச்சி," என்றாள். 

"படி."

பத்தாவது படித்தவள், சட்டை லேபிளில் இருக்கிற இங்கிலீஷ் தெரியும். இது அதைவிடப் பெரியது. தெரிந்த வார்த்தைகளை வார்த்தையாகவும் தெரியாதவற்றை எழுத்தெழுத்தாகவும் சொன்னாள். புதிய ப்ராசசர் வந்திருக்கிறது என்று முதல் வரி. 'ஒய்' எழுத்தை அழுத்தினால் பழைய ரகசியச் சாவி எண்களை அழித்துவிட்டு மேலே போவேன், 'என்' எழுத்தை அழுத்தினால் வைத்துக்கொள்வேன் என்று அடுத்தது. அவன் விரல் ஒய்க்குப் போனது. இரு, இன்னும் கீது என்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மீதியையும் படித்தாள். டிஸ்க்கைப் பூட்டி வைத்திருந்தால், சாவி இல்லாமல் திறக்காது என்று எச்சரிக்கை.

விரல் நின்றது. கம்பெனிக்காக எழுதியது எல்லாம் அந்த டிஸ்க்கில்தான். இந்த விண்டோஸைப் போட்டுக் கொடுத்தது எப்போதோ ஒரு கடைக்காரன். அவன் பூட்டினானா இல்லையா, பார்த்தவர் யாரும் இல்லை. திருமுருகன் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தான். நேற்று ராத்திரி புது டிஸ்க்கை வெளியே ஒரு ஒயரில் இணைத்துப் பழையதை அதில் காபி எடுத்தபோது, பூட்டிய இடம் எதுவும் இல்லை என்று கீச்சானே வாசித்துச் சொன்னது நினைவுக்கு வந்தது. அக்காவின் கையிலிருந்து மணிக்கட்டை மெதுவாக விடுவித்துக்கொண்டு ஒய்யை அழுத்தினான்.

எழுத்துகள் போயின. கறுப்பு. பிறகு ஏதோ ஒரு நீல மலைப் படம் டி.வி. முழுக்க விரிந்தது. கூடவே ஸ்பீக்கரிலிருந்து, தகரத்தில் மழை கொட்டியது.

வசந்தா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, வந்துட்டான் பாரு உன் கூட்டாளி என்றாள். அவன் சிரித்தான். இந்த முறை முழுதாக.

அதோடு கார்டைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். ஆனால் அவன் உடனே தன் வேலையைத் திறந்துவிட்டான். மூன்று மாதமாக அவன் எழுதியது அந்த டி.வி.யில் வந்து நின்றது. இத்தனை வருஷம் அந்த மேசையைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள் வசந்தா. அங்கே நடப்பது என்னவென்று அவளுக்குச் சத்தமாகத்தான் தெரியும். இப்போது கண்ணால் பார்த்தாள்.

வரி வரியாக இறங்கியது. சில வரிகள் ஓரத்திலிருந்து ஆரம்பித்தன, சில கொஞ்சம் உள்ளே தள்ளி, சில இன்னும் உள்ளே. உள்ளே தள்ளியவை எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் நின்றன. அவள் பழக்கத்தில் பிசகைத் தேடினாள். நாள் முழுக்கக் காலர் தையலும் கைத் தையலும் நேராக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஒதுக்குகிற கண். அவன் வரிகளை நகர்த்த நகர்த்தத் தேடிக்கொண்டே போனாள். ஒதுக்க ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

"யார்டா இதெல்லாம் நேரா நிறுத்தி வெச்சது?"

"நான்தான். எவ்ளோ உள்ள தள்ளிகீதுன்னு கீச்சான் ஒரு ராகத்துல சொல்வான்."

அவள் இன்னும் கிட்டே போனாள். "கலர் கலராக் கீதுடா."

அவன் கை நின்றது. இதை எழுதுகிற ப்ரோக்ராம் வார்த்தைகளுக்குத் தானே வண்ணம் பூசும் என்று அவன் படித்திருந்தான். தன்னுடையதற்கும் பூசியிருக்கும் என்று நினைத்ததில்லை. இன்னா கலர் என்று கேட்டான். ஆறு வயது வரை பார்த்த வண்ணங்கள் அவனிடம் பத்திரமாக இருந்தன. அவள் சொல்ல ஆரம்பித்தாள். நீலம். எந்த நீலம்? இங்க் நீலம் இல்ல, யூனிட் ரயில் ஓரத்துல கோடு போட்டிருப்பானே, அந்த மாதிரி. அப்புறம் செங்கல் கலர். அப்புறம் பச்சை.

"எந்தப் பச்சை?"

"அவரைக்காய்ப் பச்சை."

எந்தெந்த வார்த்தை எந்த நிறத்தில் என்று ஒன்றொன்றாகக் கேட்டான். நாலைந்து சொன்னதுமே மீதியை அவன் சொல்ல ஆரம்பித்துவிட்டான். அடுத்த வரியில் மூணாவது வார்த்தை நீலம், கடைசியில செங்கல், சரியா? சரியாக இருந்தது. அதற்கடுத்த பக்கம், அதற்கும் அடுத்த பக்கம் என்று திரைக்கு வராததையெல்லாம் சொன்னான். வந்ததும் அவள் பார்த்தாள், அப்படியே இருந்தது. அந்தப் பக்கங்கள் முழுவதையும் அவன் தலைக்குள் நிறுத்தி வைத்திருக்கிறான், ஒரு காற்புள்ளி பிசகாமல், என்பது அவளுக்கு அப்போது உறைத்தது. கோயில் கருவறையில் தீபம் காட்டும்போது வருமே, பேச்சு வராமல் ஒரு திகைப்பு, அது வந்தது. இத்தனைக்கும் எதிரில் இருந்தது லுங்கி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தம்பி.

பச்சை மட்டும் ஏன் நீளம் நீளமா கீது என்று கேட்டாள்.

"அது கம்ப்யூட்டருக்கு இல்லக்கா, மனுஷாளுக்கு. இத்த ஏன் இப்படிப் பண்ணேன்னு எழுதி வெக்கிறது. எனக்கு அப்பால வர்றவன் படிச்சிப் புரிஞ்சிக்கணும் இல்ல."

அடுத்த வருஷம் டெங்கு வந்து அவன் போன பிறகு, துக்கம் கேட்க வந்த சபீனா, அவனுடைய பச்சை வரிகளைப் படித்துத்தான் இன்னும் வேலை ஓடுகிறது என்று சொன்னாள். வசந்தாவுக்கு அவள் எந்தப் பச்சையைச் சொல்கிறாள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் அவன் கம்பைல் போட்டான். அதற்காகத்தானே எல்லாம். ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டான். விரல் இறங்கியது. டி.வி.யில் வெள்ளை வரிகள் குபுகுபுவென்று மேலே ஓடின. அவள் கண்ணால் ஒன்றையும் பிடிக்க முடியவில்லை. அவன் அதற்கிடையில் வேறு பக்கத்துக்குத் தாவி, ஏதோ ஒரு வரியைத் திருத்தி, இன்னொன்றைத் தேடி, திரும்பி வந்தான். கீச்சான் நிற்கவில்லை. ஒரு இடத்திலும் திக்கவில்லை. ஓடுகிற வரிகளுக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு அவன் பாட்டுக்குச் சடசடத்துக்கொண்டிருந்தான். இன்னும் முடியவில்லையா என்று அவள் கேட்க நினைப்பதற்குள் முடிந்துவிட்டது.

"ஆய்ட்ச்சா?"

"ஆய்ட்ச்சி." அவனும் நம்பாதவன்போல இன்னொரு முறை போட்டான். மறுபடியும் முடிந்தது. அதற்குப் பிறகும் ஒரு முறை போட்டான், சும்மா.

ஜெயராமன் வருவதற்குள் கார்டைக் கழற்றி, கீழே கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தார்கள். இனிப் படம் கிடையாது.  மறுபடி ஏதாவது கேள்வி கேட்டுக்கொண்டு நின்றுவிட்டால்? மேசையில் வைத்து சுவிட்சைப் போட்டார்கள். ஃபேன் சுற்றியது. அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பிடி இறுகுவதற்குள் கீச்சான் பேச ஆரம்பித்துவிட்டான்.

திங்கட்கிழமை வழக்கமான வண்டியை அவள் விட்டுவிட்டாள். டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றாள். அவன் வேலைக்காக ஸ்பீக்கரைப் போட்டுத்தான் கூட்டத்தில் பேசுவான். ஒரு காதில் மட்டும் கீச்சானுக்கு ஹெட்போன். வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் இங்கிலீஷில் பேசினார்கள். திருமுருகன் பதில் சொன்னான். பிறகு, இப்ப கம்பைல் போடுறேன் என்று சபீனாவிடம் தமிழில் சொல்லிவிட்டுப் பொத்தானைத் தட்டினான்.

கம்பைல் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே அந்தப் பக்கம் எல்லாரும் அமைதியானார்கள். மூன்று மாதப் பழக்கம். கம்பைல் என்றால் திரு இருக்க மாட்டான், காத்திருக்க வேண்டும். யாரோ தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. வசந்தா டிபன் பாக்ஸை இறுக்கிப் பிடித்தாள்.

திருமுருகன் முகத்தைக் கொஞ்சம் சாய்த்து, எதையோ கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மைக் பக்கம் குனிந்தான்.

"ஏன் எல்லாரும் நிறுத்திட்டீங்க மேடம்? கேக்கச் சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்."